புயல் கூண்டும் ஸ்விட்ச் கட்டளையும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானொலியிலும் செய்தித்தாள்களிலும் ஒரு வாக்கியம் தவறாமல் வரும். "சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் இத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது." எண் மட்டும்தான் மாறும். இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ இருப்பவர்களுக்கு இது வெறும் செய்தியன்று. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகைக் கடலுக்குள் செலுத்துவதா, கரையில் கட்டிப் போடுவதா என்பது அந்த எண்ணோடு சேர்ந்த விஷயம்.

அந்த எண்ணைக் கொடுத்தால் அதன் பொருளைச் சொல்லும் ஒரு சிறு நிரலை இம்மாதம் எழுதிப் பார்ப்போம். கணிப்பொறி மொழிகளில் 'ஸ்விட்ச்' என்றொரு கட்டளை உண்டு. பதினோராம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் படிப்பவர்கள் அதைப் பாடநூலில் பார்த்திருப்பீர்கள். அதைப் புரிந்துகொள்ளப் புயல் கூண்டைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் கூண்டுகளைத் தெரிந்துகொள்வோம். 1864-ஆம் ஆண்டு கல்கத்தாவைப் பெரும் புயல் ஒன்று சூறையாடியது. அதற்கு மறு ஆண்டே, 1865-இல், அந்தத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை தரும் ஏற்பாடு தொடங்கியது. இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்ததோ 1875-இல்தான். நம் சென்னைக்கும் பாடம் கிடைக்காமல் இல்லை. கடலுக்குள் பாடுபட்டுக் கட்டிய அலைதடுப்புச் சுவர்களை 1881-ஆம் ஆண்டுப் புயல் உடைத்தெறிந்தது. கடலில் நிற்கும் மாலுமிக்குத் தொலைபேசியோ வானொலியோ இல்லாத காலம் அது. ஆகவே உயரமான கம்பத்தில், பகலில் கூம்பு வடிவிலும் உருளை வடிவிலும் கூண்டுகளைத் தொங்கவிட்டார்கள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளை ஏற்றினார்கள். எந்த மொழி பேசும் மாலுமியும் அதைப் பார்த்தால் போதும், விஷயம் புரிந்துவிடும்.

மொத்தம் பதினோரு குறிகள். 1 என்றால், தொலைவில் கடலில் காற்றழுத்தத் தாழ்வு ஏற்பட்டிருக்கிறது, அது புயலாக மாறக்கூடும். 2 என்றால், தொலைவில் புயலே உருவாகிவிட்டது. இவ்விரண்டிலும் துறைமுகத்துக்கு நேரடி ஆபத்து இல்லை. துறைமுகத்தை விட்டுப் புறப்படும் கப்பல்களுக்குத்தான் எச்சரிக்கை. 3 என்றால், துறைமுகத்திலேயே பலத்த காற்று வீசக்கூடும். 4 என்றால், புயல் துறைமுகத்தை அச்சுறுத்துகிறது, ஆனால் கடைசிக்கட்ட முன்னெச்சரிக்கைகளை எடுக்கும் அளவுக்கு ஆபத்து இன்னும் முற்றவில்லை. 5, 6, 7 ஆகியவை அபாயக் குறிகள். 8, 9, 10 ஆகியவை பேரபாயக் குறிகள். வருவது தீவிரப் புயல் என்பது பொருள். 11-ஐப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அது தனி ரகம்.

அபாயத்துக்கு மூன்று எண்களும் பேரபாயத்துக்கு மூன்று எண்களும் எதற்கு? புயலுக்குப் பின்னால் நின்று, அது போகும் திசையை நீங்கள் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகம் உங்கள் இடது கைப் பக்கம் இருந்தால் 5 அல்லது 8. வலது கைப் பக்கம் இருந்தால் 6 அல்லது 9. புயல் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடந்தால் 7 அல்லது 10. இது வெறும் விவரத்துக்காகச் செய்த பாகுபாடு அன்று. நம் பகுதியில் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழலும். வங்கக் கடலிலிருந்து மேற்கு நோக்கி வரும் புயல் சென்னைக்குத் தெற்கே கரையைக் கடந்தால், நாம் அதன் வலப்பக்கத்தில் இருப்போம். அப்போது காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசித் தண்ணீரையும் தள்ளிக்கொண்டு வரும். வடக்கே கடந்தால் நாம் இடப்பக்கம். காற்று பெரும்பாலும் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். 2020 நவம்பரில் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த நிவர் புயலுக்குச் சென்னை வலப்பக்கம். 2023 டிசம்பர் 5 அன்று ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையைக் கடந்த மிக்ஜாம் புயலுக்குச் சென்னை இடப்பக்கம். ஆனால் அந்த மிக்ஜாமின்போதுதான் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. கூண்டு காற்றைப் பற்றிப் பேசுமே தவிர, எவ்வளவு மழை கொட்டும் என்று சொல்லாது.

இனி நிரலுக்கு வருவோம். 'எண்' என்ற மாறியில் கூண்டு எண் இருக்கிறது. 'செய்தி' என்ற மாறியில் நாம் அறிவிக்க வேண்டிய வாசகத்தை வைக்கப் போகிறோம். ஒரு வழி, 'எண் 1-ஆ? இல்லையென்றால் 2-ஆ? இல்லையென்றால் 3-ஆ?' என்று இஃப், எல்ஸ் கட்டளைகளால் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போவது. தவறில்லை, விடை வரும். ஆனால் கேள்வி ஒன்றுதானே? எண் என்ன என்பதுதான் அது. ஒரே கேள்வியைப் பதினோரு முறை கேட்காமல் ஒரே முறை கேட்டு, விடைக்கேற்ற இடத்துக்கு நேராகத் தாவச் சொல்வதே ஸ்விட்ச். கணிப்பொறியில் இந்தச் சொற்களை ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும். இங்கே படிப்பதற்காகத் தமிழில் எழுதுகிறேன். ('எழில்' என்ற தமிழ்க் கணிப்பொறி மொழியில் தேர்ந்தெடு, தேர்வு, நிறுத்து, ஏதேனில் என்று தமிழ்ச் சொற்களே இருக்கின்றன.)

ஸ்விட்ச் (எண்)
{
கேஸ் 1:
 செய்தி = "தொலைவில் புயல் உருவாகலாம்";
 பிரேக்;
கேஸ் 2:
 செய்தி = "தொலைவில் புயல் உருவாகிவிட்டது";
 பிரேக்;
கேஸ் 3:
 செய்தி = "துறைமுகத்தில் பலத்த காற்று வீசலாம்";
 பிரேக்;
...
கேஸ் 10:
 செய்தி = "பேரபாயம், புயல் துறைமுகத்தின் மீது கடக்கும்";
 பிரேக்;
கேஸ் 11:
 செய்தி = "வானிலை மையத்துடன் தொடர்பு அறுந்தது, ஆபத்து உண்டு";
 பிரேக்;
டிஃபால்ட்:
 செய்தி = "எண் தவறு, மீண்டும் சரிபார்க்கவும்";
}

ஸ்விட்ச் என்றவுடன் சுவரில் உள்ள மின்விளக்குச் சொடுக்கி உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். அதை மறந்துவிடுங்கள், அதற்கு இரண்டே நிலைகள். தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856-இல் புறப்பட்டது இராயபுரம் நிலையத்திலிருந்துதான். அதற்கு அருகே தண்டையார்பேட்டையில் சரக்கு வண்டிகளைப் பிரித்துக் கோக்கும் யார்டு ஒன்று உண்டு. தண்டவாளம் பல கிளைகளாகப் பிரியும் இடத்தை நம் இரயில்வேக்காரர்கள் 'பாயிண்ட்' என்பார்கள். அமெரிக்க இரயில்வேக்காரர்கள் அதையே 'ஸ்விட்ச்' என்பார்கள். வண்டி எந்தத் தடத்தில் போக வேண்டுமோ அதற்கேற்பப் பாயிண்டைத் திருப்பினால், மற்ற தடங்களை எட்டியும் பார்க்காமல் வண்டி அந்தத் தடத்தில் போய்விடும். நம் கட்டளைக்கு இந்தப் படமே சரியானது. கேஸ் என்பது தடத்தின் பெயர்ப்பலகை. 1 முதல் 11 வரை இடைவெளி இல்லாமல் எண்கள் இருந்தால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் பெரும்பாலும் ஒரு முகவரிப் பட்டியலையே தயாரித்து வைத்துக்கொள்ளும். எண் 10 என்றால், பட்டியலில் பத்தாவது முகவரியை எடுத்து அங்கே தாவும். ஒன்பது முறை 'இல்லை, இல்லை' என்று சொல்லிக்கொண்டு வர வேண்டிய அவசியமில்லை.

சரி, ஒவ்வொரு தடத்தின் முடிவிலும் 'பிரேக்' என்று எழுதியிருக்கிறோமே, அது எதற்கு? இங்கேதான் புதிதாக நிரல் எழுதுபவர்கள் இடறி விழுகிறார்கள். சி மொழியிலும் அதன் வழிவந்த சி பிளஸ் பிளஸ், ஜாவா போன்ற மொழிகளிலும், கேஸ் என்பது உள்ளே நுழையும் வாசல் மட்டுமே. வெளியேறும் வாசல் அன்று. உள்ளே நுழைந்த கணிப்பொறி வரிவரியாகக் கீழே இறங்கிக்கொண்டே போகும். அடுத்த கேஸ் என்ற பெயர்ப்பலகை கண்ணில் பட்டாலும் நிற்காது. பிரேக் என்ற வரி வந்தால்தான் ஸ்விட்சை விட்டு வெளியே வரும்.

கேஸ் 10-இன் முடிவில் பிரேக் விட்டுப்போயிற்று என்று வைத்துக்கொள்வோம். எண் 10 வருகிறது. 'பேரபாயம்' என்ற வாசகம் செய்தியில் ஏறுகிறது. கணிப்பொறி நிற்காமல் கேஸ் 11-க்குள் வழிகிறது. அங்கே செய்தி மாற்றி எழுதப்படுகிறது. முடிவில் திரையில் தெரிவது 'தொடர்பு அறுந்தது' என்ற வாசகம். நுங்கம்பாக்கத்து வானிலை மையத்திலிருந்து தொடர்பு நன்றாகவே இருக்கிறது. பத்தாம் எண் என்ற தகவலும் சரியாகவே வந்தது. ஆனால் அறிவிப்பு தவறு. கேஸ் 11-இலும் பிரேக் இல்லையென்றால்? அதையும் கடந்து டிஃபால்டில் போய் விழும். அந்த டிஃபால்டில், 'மற்ற எல்லா எண்ணுக்கும் ஆபத்து இல்லை' என்ற நினைப்பில் ஒருவர் "எச்சரிக்கை ஏதுமில்லை" என்று எழுதி வைத்திருந்தால், பத்தாம் எண் கூண்டுக்குக் கணிப்பொறி தரும் விடை "எச்சரிக்கை ஏதுமில்லை" என்பதாகிவிடும். இவ்வளவுக்கும் கம்பைலர் பிழை என்று எதையும் சொல்லி நிறுத்தாது. 1 முதல் 9 வரை சோதித்துப் பார்த்தாலும் எல்லாம் சரியாகவே இருக்கும்.

இது கற்பனைப் பயம் என்று எண்ண வேண்டாம். 1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் தொலைதூரத் தொலைபேசி வலையமைப்பு சுமார் ஒன்பது மணி நேரம் தத்தளித்தது. கோடிக்கணக்கான அழைப்புகள் போய்ச் சேரவில்லை. அந்த வலையமைப்பின் 114 இணைப்பு நிலையங்களும் (அவற்றுக்கும் ஸ்விட்ச் என்றுதான் பெயர், பாருங்கள்) சி மொழியில் எழுதப்பட்ட ஒரே நிரலில் இயங்கின. அதில் ஸ்விட்சுக்குள் ஓர் இஃப், அந்த இஃப் பகுதிக்குள் ஒரு பிரேக். பிரேக் இஃபை விட்டு வெளியேற உதவாது. தன்னைச் சுற்றியுள்ள ஸ்விட்சை விட்டோ சுழற்சியை விட்டோதான் வெளியேறும். ஆகவே செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமலேயே நிரல் வெளியே வந்து, நினைவகத்தில் இருந்த தகவல் சிதைந்தது. ஒரு நிலையம் பழுதாகி மீண்டு வந்து 'நான் தயார்' என்று அண்டை நிலையங்களுக்குச் செய்தி அனுப்பும். அந்தச் செய்திகள் அடுத்தடுத்து வந்த வேகத்தில் அண்டை நிலையங்கள் இந்தப் பிழையில் சிக்கி, தம்மை நிறுத்தி மீண்டும் தொடங்கும். பிறகு அவையும் 'நான் தயார்' என்று சொல்லும். அது அடுத்ததைக் கவிழ்க்கும். மணிக்கணக்கில் இப்படியே நடந்தது. இங்கே பிரேக் விட்டுப்போகவில்லை. இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது.

அப்படியானால் இந்த வழிதல் குணத்தை எதற்கு வைத்தார்கள்? அதற்கும் பயன் உண்டு. ஆபத்து எவ்வளவு என்று மட்டும் அறிந்தால் போதும், எந்தப் பக்கம் என்பது வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது,

கேஸ் 5:
கேஸ் 6:
கேஸ் 7:
 அளவு = "அபாயம்";
 பிரேக்;
கேஸ் 8:
கேஸ் 9:
கேஸ் 10:
 அளவு = "பேரபாயம்";
 பிரேக்;

என்று எழுதலாம். 5 வந்தால் வெறுமையாக இருக்கும் கேஸ் 6, கேஸ் 7 பலகைகளைக் கடந்து 'அபாயம்' என்ற வரியில் சேரும். எந்தப் பக்கம் என்று மட்டும் அறிய வேண்டுமானால் வேறு மாதிரிக் கோக்க வேண்டும்: 5-உம் 8-உம் ஒரு கொத்து, 6-உம் 9-உம் ஒரு கொத்து, 7-உம் 10-உம் ஒரு கொத்து. கணக்கில் கெட்டிக்கார மாணவர் ஒருவர் உடனே கை தூக்குவார்: எண்ணிலிருந்து 5-ஐக் கழித்து 3-ஆல் வகுத்தால், மீதி 0 என்றால் இடம், 1 என்றால் வலம், 2 என்றால் நேர் மேலே. உண்மைதான், அழகாகவும் இருக்கிறது. ஆனாலும் நான் ஸ்விட்சையே எழுதுவேன். இன்னொருவர் ஆறு மாதம் கழித்து அந்த நிரலைப் படிக்கும்போது, மீதி 1 என்பது வலப்பக்கம் என்று அவர் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எல்லா இடத்துக்கும் ஸ்விட்ச் பொருந்தாது. வானிலை ஆய்வுத் துறை காற்றின் வேகத்தை வைத்துப் புயலை வகைப்படுத்துகிறது. மணிக்கு 62 முதல் 88 கிலோமீட்டர் வரை வீசினால் புயல். 89 முதல் 117 வரை தீவிரப் புயல். அதற்கு மேல் அதிதீவிரப் புயல் என்று போகும். இதற்கு ஸ்விட்ச் எழுதப் போனால் 62-க்கு ஒரு கேஸ், 63-க்கு ஒரு கேஸ் என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டியதுதான். ஸ்விட்சுக்குத் தெரிந்தது 'இதுவா?' என்ற கேள்வி மட்டுமே, 'இதைவிடப் பெரிதா?' என்று அதற்குக் கேட்கத் தெரியாது. சி மொழியில் புள்ளி வைத்த எண்களையும் சொற்களையும் அது ஏற்றுக்கொள்வதே இல்லை. ஆகவே அளந்து வகைப்படுத்தும் வானிலை மையத்துக்கு இஃப். வகைப்படுத்தி வந்த எண்ணைக் கம்பத்தில் ஏற்றும் துறைமுகத்துக்கு ஸ்விட்ச். இஃப் எழுதும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். '88 வரை' என்றும் '89 முதல்' என்றும் எழுதினால், 88.5 என்று ஓர் அளவு வரும்போது அது இரண்டுக்கும் நடுவே விழுந்து காணாமல் போகும். '89-க்குக் குறைவாக இருந்தால்' என்று எழுதுவதே சரி.

இப்போது 11-ஆம் எண்ணுக்கு வருவோம். வானிலை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது, ஆனால் மோசமான வானிலை வரும் ஆபத்து இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பது அதன் பொருள். மற்ற பத்துக் குறிகளும் வந்த தகவலைச் சொல்கின்றன. இது மட்டும் தகவல் வராததைச் சொல்கிறது. தந்திக் கம்பி அறுந்துபோனால் கம்பம் வெறுமையாக நிற்கும். வெறுமையான கம்பத்தைப் பார்க்கும் மாலுமி 'ஆபத்து இல்லை' என்று நினைத்துக்கொள்வார். அப்படி நினைக்கக்கூடாது என்பதற்காகவே ஒரு தனிக் குறி. டிஃபால்ட் என்ற பகுதியையும் நீங்கள் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். எந்தக் கேஸிலும் அடங்காத எண் வந்தால் போகும் இடம் அது. யாரோ 10-க்குப் பதில் 100 என்று தட்டிவிட்டால் அங்கே போகும். டிஃபால்டே எழுதாமல் விட்டால் சி மொழி கோபிக்காது; ஒன்றும் செய்யாமல் பேசாமல் கடந்து போய்விடும். செய்தி என்ற மாறியில் நேற்றைய வாசகம் அப்படியே இருக்கும். நேற்று 2-ஆம் எண் என்றால் இன்றும் திரையில் 'தொலைவில் புயல்' என்றே நிற்கும்.

12-ஆம் வகுப்பில் பைதான் படிப்பவர்கள் 'எங்கள் மொழியில் ஸ்விட்சே இல்லையே' என்பார்கள். நெடுங்காலம் இல்லைதான். 2021-இல் வெளியான 3.10 பதிப்பிலிருந்து 'மேட்ச்' என்றொரு கட்டளை வந்திருக்கிறது. அதில் ஒரு கேஸின் வேலை முடிந்ததும் தானாகவே வெளியே வந்துவிடும்; பிரேக் வேண்டாம், வழிதலும் இல்லை.

ஒரு பயிற்சி தருகிறேன். சிறு படகுகள் மட்டும் வந்து போகும் துறைமுகங்களில் பதினோரு குறிகளும் இல்லை; 3, 4, 7, 10, 11 ஆகிய ஐந்து மட்டுமே உண்டு. பெரிய துறைமுகத்து எண்ணை வாங்கிச் சிறிய துறைமுகத்து எண்ணாக மாற்றும் நிரல் ஒன்றை எழுதுங்கள். நம் பயிற்சிக்காக இப்படி ஒரு விதி வைத்துக்கொள்வோம்: 5, 6, 7 வந்தால் 7, 8, 9, 10 வந்தால் 10, 3, 4, 11 மாறாமல் அப்படியே, 1, 2 வந்தால் கூண்டு ஏற்ற வேண்டியதில்லை என்பதற்கு 0. எழுதிய பிறகு 1 முதல் 11 வரை எல்லா எண்ணையும் கொடுத்துப் பாருங்கள். அத்தோடு 0, 12, 100 ஆகியவற்றையும் கொடுத்துப் பாருங்கள். 2 கொடுத்தாலும் 100 கொடுத்தாலும் உங்கள் நிரல் ஒரே விடையைத் தந்தால், 1-க்கும் 2-க்கும் தனிக் கேஸ் எழுதாமல் அவற்றையும் டிஃபால்டிலேயே தள்ளிவிட்டீர்கள் என்று அர்த்தம். அவற்றைப் பிரித்து எழுதி, மறுபடியும் ஓட்டிப் பாருங்கள்.